ஒரு கிதார் ஆல்பமும் ஒரு தவில் வித்வானும்

இந்த வாரம் மருத்துவப் பதிவு இல்லை மக்களே. சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாத்துக்கும் ஒருநாள் லீவு. ஒரு பழைய கிதார் ஆல்பத்தைப் பத்தி எழுதப் போறேன். இழை நீளமா போகும், டீ போட்டு வச்சுட்டு உட்காருங்க. பின்பாதியில் பக்கவாதம் வரும். அதைத் தவிர்க்க முடியல, மன்னிக்கணும்.

ஆல்பத்தோட பேரு 'சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்'. 1975 ஜூலை 5-ம் தேதி நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டில் இருக்கிற சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி. அதை அப்படியே பதிவு பண்ணி 1976-ல் கொலம்பியா கம்பெனி வெளியிட்டது. மொத்தம் மூணே மூணு உருப்படி. முதல்ல 'ஜாய்', 18 நிமிஷம். அடுத்து 'லோட்டஸ் ஃபீட்', அஞ்சு நிமிஷம்கூட இல்லை. மூணாவது 29 நிமிஷம். அதோட தலைப்பை இங்க எழுதினா ரெண்டு வரி போயிடும், அவ்வளவு நீளம்.

கிதார் ஜான் மெக்லாஃப்லின். இங்கிலாந்துக்காரர், யார்க்‌ஷர் பக்கம் பிறந்தவர். ஜாஸ் உலகத்தில் மைல்ஸ் டேவிஸோட 'இன் எ சைலன்ட் வே', 'பிட்சஸ் ப்ரூ' ரெண்டுலயும் வாசிச்சவர். வயலின் எல். சங்கர். யாழ்ப்பாணத்தில் சங்கீதம் சொல்லிக் கொடுத்த வி. லட்சுமிநாராயண ஐயரோட மகன், எல். சுப்ரமணியத்தின் தம்பி. தபேலா ஜாகீர் உசேன். கடம் விக்கு விநாயக்ராம். மிருதங்கம் ராம்நாட் ராகவன், அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கத்துக் கொடுத்தவர்.

ஆக அஞ்சு பேர். அதுல மூணு பேர் தாளக்காரங்க. டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிதார் கிடையாது, கீபோர்டு கிடையாது. அதுக்கு முன்னாடி மெக்லாஃப்லின் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா'ன்னு ஒரு மின்சாரக் குழு வச்சிருந்தார். காது கிழியற சத்தம், பெரிய பேரு, பெரிய கூட்டம். அதை விட்டுட்டு ஒரு மரக் கிதாரோட சம்மணம் போட்டு இவங்களோட உட்கார்ந்துட்டார்.

எனக்கு இது கிடைச்சது 1997-ல். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி விடுதி. மெட்ராஸ்லேர்ந்து வந்த ஒரு சீனியர் அண்ணன்கிட்ட ஒரு காப்பி கேசட் இருந்தது. 60 நிமிஷக் கேசட். ஏ பக்கம் முதல் ரெண்டு உருப்படி. பி பக்கம் அந்த 29 நிமிஷம். பாட்டு முடியறதுக்கும் டேப் 'டக்'னு நிக்கறதுக்கும் சரியா இருக்கும். இந்த ஆல்பத்தை 60 நிமிஷக் கேசட்டுக்குன்னே அளவெடுத்து வாசிச்சாங்களோன்னு நாங்க பேசிக்குவோம்.

"டேய், இது ஜாஸ். உனக்குப் புரியாது. கேட்டுட்டு திங்கக்கிழமை திருப்பிக் குடு" அப்படின்னுதான் அண்ணன் கொடுத்தார்.

எனக்கு அப்ப ஜாஸ்னா என்னன்னு தெரியாது. ராஜா சார் பாட்டு தெரியும், கோயில் நாயனம் தெரியும், அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் ஊருக்குப் போறேன். நீடாமங்கலத்துல இறங்கி உள்ள போகணும் எங்க ஊருக்கு. கார்த்திகை மாசம். சாலியமங்கலம் தாண்டினா ரெண்டு பக்கமும் சம்பா வயல், தண்ணி நிக்குது, நாரை நிக்குது. கடன் வாங்கின வாக்மேன்ல 'ஜாய்' போட்டேன்.

முதல் ரெண்டு நிமிஷம் ஒண்ணும் புரியல. கிதாரும் வயலினும் ஒண்ணா சேர்ந்து ஓடுது. என்ன அவசரம்னு தோணுச்சு. நிறுத்திடலாம்னு கை போச்சு.

அம்மாப்பேட்டை வர்றப்ப, இதை எங்கயோ கேட்டிருக்கேனேன்னு தோண ஆரம்பிச்சது.

எங்க ஊர் சிவன் கோயில் திருவிழா. ராத்திரி சாமி புறப்பாடு. தெற்கு வீதி முனையில் சாமியை நிறுத்திடுவாங்க. நாயனம் ஓய்ஞ்சு, ரெண்டு தவிலும் எதிரெதிரா நின்னு தனி ஆரம்பிக்கும். ஒருத்தர் ஒரு நீளம் வாசிப்பார், அடுத்தவர் அதே நீளம் பதில் சொல்வார். அப்புறம் அதுல பாதி, அதுலயும் பாதி. சுருங்கிச் சுருங்கி கடைசியில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து கோர்வை வச்சு முடிக்கிறப்ப தீவட்டி பிடிக்கிறவர்கூட தலையை ஆட்டுவார். அப்பா தோள்ல உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாசிச்ச மண்ணு. அவர் 1949-லயே போயிட்டார், ஆனா எங்க பக்கத்துப் பெருசுங்க நேத்துத்தான் கேட்ட மாதிரி அவர் கையைப் பத்திப் பேசுவாங்க.

வாக்மேனுக்குள்ள ஓடினது அதே வேலைதான். குறைப்பு. கிதார் ஒண்ணு கேக்குது, வயலின் பதில் சொல்லுது, நீளம் குறையுது, தாளக்காரங்க மூணு பேரும் பின்னாடியே வந்து எல்லாரும் ஒரே இடத்தில் இறங்கறாங்க. நீடாமங்கலத்துல இறங்க வேண்டியவன் அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்தேன்.

பிற்பாடு ஜாஸ் கேக்க ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சது, அவங்ககிட்டயும் இது இருக்கு. சாக்ஸபோன்காரர் நாலு அளவு வாசிப்பார், டிரம்ஸ்காரர் நாலு அளவு பதில் சொல்வார். எட்டு எட்டா, நாலு நாலா, ரெண்டு ரெண்டா மாத்திக்குவாங்க. நியூயார்க் கிளப்பும் தெற்கு வீதி முனையும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே ஒரே விளையாட்டைக் கண்டுபிடிச்சு வச்சிருக்கு. மெக்லாஃப்லின் ரெண்டையும் அறிஞ்சவர். ஜாஸை விட்டுட்டு இங்க வந்தார்னு சிலர் எழுதுவாங்க, எனக்கு அது ஒப்புதலே இல்லை. ஜாஸ்காரனா இருந்ததாலதான் அவருக்கு இந்த இடம் புரிஞ்சது.

ஆனா ஒரு சிக்கல் இருந்தது அவருக்கு. கமகம்.

நம்ம சங்கீதத்தில் ஸ்வரம் ஒரு இடத்தில் சும்மா நிக்காது. அசையும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தை எட்டிப் பார்த்துட்டு வரும். வயலினுக்கு மெட்டு கிடையாது, விரலை எங்க வேணா இழுக்கலாம். கிதார்ல அது முடியாது. மரப் பலகை மேல மெட்டு பதிச்சிருக்கும், கம்பியை அழுத்தினா விரல் மரத்துல முட்டிடும், அதுக்கு மேல கம்பியை இழுக்கறது கஷ்டம்.

வீணையில் எப்படி பண்றாங்க? தஞ்சாவூர்ல வீணை செய்யற பட்டறைக்குப் போனா பார்க்கலாம். பலாமரக் குடம், நீளத் தண்டி. தண்டிக்கு மேல ரெண்டு பக்கமும் மெழுகுச் சுவர் எழுப்பி அது மேல 24 மெட்டுகளை உட்கார வைப்பாங்க. மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவில் வெறும் பள்ளம். விரல் எதுலயும் முட்டாது. அதனால கம்பியைப் பக்கவாட்டுல இழுத்து ஒரே மெட்டுல மூணு நாலு ஸ்வரம்கூட வரவழைக்கலாம்.

மெக்லாஃப்லின் வெஸ்லியனில் டாக்டர் எஸ். ராமநாதன்கிட்ட வீணை கத்துக்கிட்டவர். அதனால இந்தப் பள்ளத்தோட ரகசியம் அவருக்குத் தெரியும். இந்தக் குழுவில் வாசிக்கிறதுக்குன்னே கிப்ஸன் கம்பெனியில் ஏப் வெக்டர்னு ஒரு கைவினைஞர் அவருக்குத் தனியா கிதார் செஞ்சு கொடுத்தார். மெட்டுக்கு நடுவில் இருக்கிற மரத்தைக் குடைஞ்சு பள்ளம் ஆக்கின கிதார். போதாததுக்கு, வழக்கமான ஆறு கம்பிக்கு அடியில், குறுக்குச் சாய்வா இன்னொரு ஏழு கம்பி. அது ஸ்ருதிக்கு.

உலகத்தில் முதல் வரிசை கிதார்காரர்னு பேர் வாங்கின ஒருத்தர், 33 வயசுல, இந்த வாத்தியம் இதுக்குப் போதாதுன்னு ஒத்துக்கிட்டு மரத்தைக் குடையச் சொல்றார். கடத்தைக் கொஞ்சம் மெதுவா வாசிங்க, வயலினைக் கொஞ்சம் நேரா வாசிங்கன்னு மத்தவங்களைக் கேட்டிருக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் கேட்டாங்க.

வாத்தியத்தை நம்ம பக்கம் இழுக்கறது டெல்டாவுக்குப் பழக்கமான வேலை. திருவாரூர் முத்துஸ்வாமி தீட்சிதரோட தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மெட்ராஸ்ல ஒரு ஐரோப்பிய வயலின்காரர்கிட்ட பாடம் கேட்டவர். தஞ்சை நால்வரில் வடிவேலு அதைக் கச்சேரிக்குக் கொண்டு வந்தவர்ல ஒருத்தர், அவருக்கு சுவாதித் திருநாள் மகாராஜா தந்த தந்த வயலின் பிரசித்தம். வயலின் அப்பதான் தரையில் உட்கார்ந்தது, பிடிக்கிற விதமே மாறிப் போச்சு. இருநூறு வருஷத்துல அது பிறந்த ஊரே நமக்கு மறந்துடுச்சு. கிதார் அந்த அளவுக்கு உள்ள வரல. ஆனா ஒரே ஒரு ராத்திரி, லாங் ஐலண்டில், வாசல் வரைக்கும் வந்தது.

'ஃப்யூஷன்'னு போட்டாலே சேனல் மாத்தற ஆள் நான். பின்னாடி கீபோர்டு ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், முன்னாடி ஒருத்தர் ஆலாபனை மாதிரி ஏதோ பண்ணுவார், மிருதங்கம் அலங்காரத்துக்கு. பாயசத்துல சீஸ் துருவிப் போட்ட மாதிரி இருக்கும். இந்த ஆல்பத்துக்கு வயசு கிட்டத்தட்ட 50. அந்தக் காலத்து எத்தனையோ கலப்படங்கள் இன்னிக்குக் கேட்டா சிரிப்பு வருது, இது வரல. ஏன்னு எனக்கு ஒரு காரணம் இருந்தது: வேகம், கணக்கு, அந்த 'ஜாய்'. ரொம்ப நாளா அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். 'லோட்டஸ் ஃபீட்' வந்தா ஓட்டி விட்டுடுவேன். சின்னது, மெதுவானது, பெருசா ஒண்ணும் நடக்காதுன்னு நினைப்பு.

இப்ப பக்கவாதத்துக்கு வர்றேன்.

2018, தை மாசம். ஊர், ஆஸ்பத்திரி, ஆள் அடையாளம் எல்லாம் மாத்தியிருக்கேன். குடும்பத்தோட சம்மதத்தோட எழுதறேன்.

58 வயசு தவில் வித்வான். ஒரு கல்யாணத்துல ஜானவாசத்துக்கு வாசிச்சுட்டு மண்டபத்துலயே படுத்திருக்கார். விடியக்காலை முகூர்த்தத்துக்கு எழுப்பப் போனா வலது கை தூக்க வரல, வாய் கோணியிருக்கு, பேச்சில்லை. 'பித்தமா இருக்கும், ராத்திரி கண்ணு முழிச்சது'ன்னு சோடா கொடுத்திருக்காங்க. அப்புறம் பக்கத்துல ஒரு இடத்தில் குளுக்கோஸ் ஏத்தியிருக்காங்க. எங்ககிட்ட வந்து சேர்ந்தப்ப சாயந்திரம் நாலு மணி.

(வாயைக் கட்டிப் போட்டாலும் இதைச் சொல்லாம விட மாட்டேன். முகம் கோணுதா, ஒரு கை துவளுதா, பேச்சு குழறுதா — மூணுல ஒண்ணு இருந்தாலும் 108-க்கு போன் பண்ணுங்க. சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. சோடா வேண்டாம். வாயில் எதுவுமே கொடுக்க வேண்டாம்.)

இடது பக்க மூளையில் பெரிய ரத்தக்குழாய் அடைப்பு. பேச்சு அங்கதான் இருக்கு, வலது கையை ஆட்டி வைக்கிறதும் அங்கதான். தவில்ல வலது கைக்குத்தான் விரல்ல கூடு போட்டு வாசிப்பாங்க. இடது கைக்குப் பூவரசங்குச்சி. கூடு போடற கை போயிடுச்சு.

முதல் நாள் பரிசோதிச்சேன். "கண்ணை மூடுங்க" — மூடல. "கையைத் தூக்குங்க" — சும்மா பார்த்தார். பேச்சு சுத்தமா இல்லை. கேஸ் ஷீட்ல 'குளோபல் அஃபேசியா'ன்னு எழுதினேன். அதாவது பேசவும் முடியாது, மத்தவங்க பேசறதும் புரியாது.

நாப்பது வருஷம் தவில் பக்கத்துலயே காது வச்சிருந்த மனுஷன். காது மந்தமா இருக்கும்னு தோணியிருக்கணும். வார்டுல ஒரே இரைச்சல். அவர் அன்னிக்கு அரைத் தூக்கத்துல வேற இருந்தார். ரெண்டாம் நாள், மூணாம் நாள் திரும்பவும் சோதிச்சிருக்கணும், அது மருத்துவ மாணவனுக்கே தெரிஞ்ச பாடம். நான் பண்ணல. முதல் நாள் எழுதினதையே பார்த்து எழுதிட்டுப் போனேன்.

நாலாம் நாள் ரவுண்ட்ஸ்ல பெரிய மகன் கேட்டார். "அப்பா இனிமே வாசிப்பாங்களா சார்?"

கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டே சொன்னேன். "வாய்ப்பு ரொம்பக் கம்மிப்பா. இப்ப நாம பேசறதே அவருக்குப் புரியல."

டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் குடும்பத்துக்கு என்ன தயக்கம்? பங்குனி உற்சவத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சே, யாரை அனுப்பறது, தவிலை யாருகிட்ட குடுக்கறது, எல்லாத்தையும் அவர் தலைமாட்டுலயே பேசினாங்க. அவர் மெதுவா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பார்த்தேன். ஒண்ணும் தோணல.

ஞாயித்துக்கிழமை பேரன் வந்திருக்கான். 11 வயசு. தாத்தாகிட்டதான் தவில் பாடம். கட்டில் கம்பியில் தட்டிக்கிட்டே சொல்கட்டு சொல்லிப் பார்த்திருக்கான். ஒரு இடத்துல தப்பு. கட்டில்லேர்ந்து குரல் வந்திருக்கு. தகதிமி தகஜொணுன்னு முழு வரிசையும், காலப்பிரமாணம் பிசகாம.

திங்கக்கிழமை காலையில் நைட் டியூட்டி சிஸ்டர் ஓடி வந்து சொன்னாங்க. நான் பெரிய மேதை மாதிரி விளக்கம் கொடுத்தேன். "அது ஆட்டோமேட்டிக் ஸ்பீச் சிஸ்டர். ஒண்ணு ரெண்டு மூணு சொல்றது, சாமி பாட்டு, கெட்ட வார்த்தை, இதெல்லாம் மூளையில் வேற வழியா வரும். பேச்சு போனாலும் இது போகாது. அதனால புரியுதுன்னு அர்த்தம் இல்லை."

நான் சொன்னது பாடப் புத்தகப்படி சரி.

சிஸ்டர் நகரல. "இல்லிங்க டாக்டர். அவரு சும்மா சொல்லல. அந்தப் பையன் விட்ட எடத்தைத் திருத்தினாரு. எங்க தப்புன்னு தெரியாமயா திருத்துவாரு?"

மத்த வேலையை விட்டுட்டுப் போனேன். ஜன்னலைச் சாத்தி, ஸ்டூல் போட்டு இடது பக்கம் உட்கார்ந்து, காதுகிட்ட குனிஞ்சு கேட்டேன். கண்ணை மூடுங்க ஐயா. மூடினார். மூணு விரல் காட்டுங்க. காட்டினார். உங்க பேரனுக்கு பேரு இதுவான்னு தப்பா ஒரு பேரு சொன்னேன். என்னைப் பார்த்து, இல்லைன்னு தலையாட்டினார். புரியாத ஒரு வார்த்தை இல்லை.

அது புரோக்கா அஃபேசியா. உள்ள எல்லாம் இருக்கும், வெளியே சொல்ல வார்த்தை கிடைக்காது. கேஸ் ஷீட்ல நான் எழுதினதை அடிச்சேன்.

"நாலு நாள் முன்னாடி உங்க மகன்கிட்ட நான் சொன்னது கேட்டுச்சாங்கய்யா?"

தலையாட்டினார்.

மன்னிப்புக் கேட்டேன். இடது கையை லேசா ஆட்டினார். 'சரி, விடு'ன்னு அர்த்தமா, 'எழுந்து போ'ன்னு அர்த்தமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் சாயந்திரம் டியூட்டி முடிஞ்சு என் பெரிய ஹெட்ஃபோனை எடுத்துட்டுப் போனேன். காது மந்தத்துக்கு அதுதான் சரி. ஏன் இந்த ஆல்பம்னு கேட்டா, என்கிட்ட இருந்ததுல தவிலுக்குப் பக்கமா வர்றது இதுதான். இன்னொண்ணும் சொல்லணும். ஏதாவது கொடுக்கணும்னு இருந்தது, மருந்துச் சீட்டுல எழுத எதுவும் இல்லை.

'ஜாய்' போட்டேன். புருவம் சுருங்குச்சு. ஒரு நிமிஷம் ஒண்ணும் இல்லை. அப்புறம் இடது கை போர்வை மேல தாளம் போட ஆரம்பிச்சது. கிதாரும் வயலினும் மாறி மாறி வர்றப்ப உதடு அசையுது. பேரன் என் கையைப் பிடிச்சு "சார், தாத்தா சொல்கட்டு போடறாரு பாருங்க"ங்கறான். முடிவு வர்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சது. கை சரியா அந்த இடத்துல இறங்குச்சு, அவங்களும் இறங்கினாங்க. 43 வருஷம் முன்னாடி வேற கண்டத்துல வாசிச்சது. இவர் அதுவரைக்கும் கேட்டதே இல்லை.

நிறுத்த மறந்துட்டேன். 'லோட்டஸ் ஃபீட்' ஓட ஆரம்பிச்சுடுச்சு.

தாளம் போட்ட கை நின்னுடுச்சு. கண்ணை மூடிக்கிட்டார். நாலே முக்கால் நிமிஷம். அழல. அழுதிருந்தா எனக்கு எழுத வசதியா இருந்திருக்கும், ஆனா அழல. முடிஞ்சதும் ஒத்தை விரலைக் காட்டினார். பேரன்தான் அர்த்தம் சொன்னான். இன்னொரு தரம்.

அன்னிக்கு அதை நாலு தடவை போட்டோம். இருபது வருஷமா நான் ஓட்டி விட்ட உருப்படி. அதுல கிதார் எவ்வளவு குறைச்சலா வாசிக்குதுன்னு அப்பதான் கேட்டேன். அந்த விரலுக்கு இருக்கிற வேகத்தை முன்னாடி 18 நிமிஷம் காட்டியாச்சு. இங்க அதைத் தொடவே இல்லை. ஒரு சின்ன மெட்டு, வயலின் அதை எடுக்குது, கிதார் வழி விடுது. தாளக்காரங்களும் அடங்கி வர்றாங்க. மறுபடி 'ஜாய்' கேட்டப்ப அங்கயும் வேகத்துக்கு அடியில் இதுதான் ஓடுது. ஒருத்தர் வாசிக்கிறப்ப மத்த நாலு பேரும் காதா இருக்காங்க. இல்லாட்டி அந்த வேகத்துல ஒரே இடத்தில் இறங்க முடியாது.

பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினேன். போஸ்டன்ல 1973-லயே மெட்டுப் போட்டு வார்த்தையைத் திரும்பக் கொண்டு வர்ற சிகிச்சை முறை ஒண்ணை வெளியிட்டாங்க. அதுல வேலை செய்யறது மெட்டா, லயமான்னு சண்டை இன்னும் முடியல. லயத்துக்குத்தான் பங்கு அதிகம்னு சில ஆய்வுகள் சொல்லுது. பயிற்சி கொடுத்த தங்கச்சிக்கு நான் அதைச் சொன்னேன். இவருக்கு நாங்க தாளத்தை விடாமப் பிடிச்சுக்கிட்டோம். வீட்டுல மனைவி ஆதி தாளம் போட்டுக்கிட்டே "தண்-ணி வேணும்" சொல்லச் சொல்வாங்க. இது எல்லாருக்கும் வேலை செய்யும்னு யாரும் எடுத்துக்க வேண்டாம்.

நாலு மாசம் கழிச்சு ஓ.பி.க்கு வந்தார். மேட்டூர் திறக்கிறதைப் பத்தி எல்லாரும் பேசிட்டு இருந்த சமயம். நடந்தே வந்தார். வார்த்தை ஒண்ணு ஒண்ணா வருது. நடுவில் பெரிய இடைவெளி. உட்கார்ந்ததும் என் காதைக் காட்டி ஹெட்ஃபோன் மாதிரி சைகை பண்ணினார்.

"கிதார்..." கொஞ்ச நேரம். "கை... சுத்தம்."

டெல்டாவில் ஒரு வித்வான் இன்னொருத்தரைப் பார்த்து இதைச் சொன்னா, அதுக்கு மேல பட்டம் கிடையாது.

"கடம்... பிரமாதம்."

"வேற ஐயா?"

"சத்தம்... பத்தல."

ஓ.பி.யில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிச்சேன். நாலு வீதிக்குக் கேக்கற வாத்தியம் வாசிச்சவர், வேற என்ன சொல்வார்?

வலது கை திரும்பல. தோள் வந்தது, முட்டி வந்தது, விரல் விரியல. கூடு போட முடியாது. மகனுக்கு அன்னிக்கு நான் சொன்ன முதல் வாக்கியம் சரியாத்தான் போச்சு. அதுல எனக்கு ஒரு பெருமையும் இல்லை. பேரனுக்குப் பாடம் மட்டும் நிக்கல. வாயால சொல்கட்டு, இடது கையில் குச்சி. வலந்தலை வாசிக்க வேண்டிய இடத்தைப் பேரன் வாசிப்பான். பேச்சுல நாலு வார்த்தை சேர்த்து வராத மனுஷன், கோர்வை முழுசா சொல்றார்.

சக்தி குழு மொத்தம் மூணு ஆல்பம் போட்டுட்டு 1978 வாக்கில் கலைஞ்சுடுச்சு. 1997-ல் 'ரிமம்பர் சக்தி'ன்னு திரும்ப வந்தது, பிற்பாடு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். 2014-ல் அவர் போனது நம்ம எல்லாருக்கும் தெரியும், 45 வயசு. விக்கு சார் இடத்துல மகன் செல்வகணேஷ். 2023-ல் வந்த 'திஸ் மொமென்ட்'டுக்கு மறு வருஷம் கிராமி கிடைச்சது. நல்ல ஆல்பம். ஆனா நான் திரும்பத் திரும்பப் போடறது அந்த 1975 ராத்திரியைத்தான்.

2024 டிசம்பர்ல ஜாகீர் பாய் சான் பிரான்சிஸ்கோவில் தவறிட்டார். நுரையீரல் நார் நாராகி இறுகிப் போற நோய். என் பேஷண்ட் சிலருக்கு இருக்கு, அந்த மூச்சுத் திணறல் எனக்குத் தெரியும். அன்னிக்கு வார்டுல இருந்தப்ப ஒரு வாட்ஸப். பேரன்கிட்டேர்ந்து. இப்ப அவனுக்கு 17, நாலு ஊர்ல செட்டுக்குப் போறான்.

"சார், ஜாகீர் போயிட்டாங்களாம். தாத்தாகிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சின்னது போடுன்னாங்க சார். போட்டிருக்கேன்."

ஆல்பம் எல்லா ஆப்லயும் இருக்கு. போன் ஸ்பீக்கர்ல போடாதீங்க, கடத்தோட அடிநாதம் கேக்காது. ஹெட்ஃபோன்ல கேளுங்க. முதல் உருப்படி வேகமா இருக்குன்னு தோணினா ரெண்டாவதுலேர்ந்து ஆரம்பிங்க.